வெயிலம்மாளின் அரிக்கன்சட்டி

1999ஆம் வருஷம் பொங்கல் கழித்து வெயிலம்மாள் வேலைக்குப் போனபோது, தீப்பெட்டி ஆபீஸ் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. கோவில்பட்டியில் அந்த ஆபீஸில்தான் பன்னிரண்டு வருஷமாக அவள் கட்டைச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி மெஷின் ஆலைக்காரரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாராம். இனிமேல் குச்சி அடுக்க ஆள் வேண்டாம் என்று கணக்குப்பிள்ளை வாசலில் நின்று சொன்னார். கூட வேலை பார்த்த பாண்டிச்செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். வெயிலம்மாளுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். பிறகு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமலே, ஒரு குச்சி கூட விட்டுப்போகாமல் அடுக்கும் விரல்கள். இதை வைத்து வேறு என்ன வேலை செய்யலாம்?

அவளுக்கு வயது முப்பத்து நாலு. பிறந்தது பசுவந்தனை. கணவன் பெயர் கடற்கரை. அவனுக்குக் கயத்தாற்றில் லாரி ஓட்டும் வேலை. வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வீட்டில் தங்குவான். ஒரே மகள் சுதாராணி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

முந்தின வருஷம் ஒரு கல்யாணத்துக்கு நகை எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தபோது, நகைக்கடைத் தெருச் சாக்கடை ஓரம் இரண்டு பெண்கள் சேற்றைத் தட்டில் அள்ளி அலசிக்கொண்டிருந்தார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று இவள் கேட்டதற்கு, "தங்கந்தான்" என்று தலையைத் தூக்காமல் ஒருத்தி சொன்னாள். பட்டறையில் அரம் போடும்போது தெறிக்கும் பொடி ஆட்களின் துணியிலும் காலிலும் ஒட்டி, கழுவும் தண்ணீரோடு சாக்கடைக்கு வந்துவிடும். அதைத்தான் அவர்கள் அரித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாபகம் இப்போது வந்தது. கோவில்பட்டியிலும் ஒரு தெரு முழுக்க நகைப்பட்டறைகள் இருந்தன. அங்கே யாரும் சாக்கடையில் கை வைத்து அவள் பார்த்ததில்லை.

கடற்கரை வந்ததும் சொன்னாள்.

"சாக்கடையிலயா?" என்றான் அவன்.

"ஆமா. மருந்து நாத்தத்துலயே பன்னெண்டு வருசம் கெடந்தாச்சு. இது என்ன பெரிய நாத்தம்?"

"உனக்கு அந்த வேல தெரியுமா?"

"தெரியாது. செஞ்சு பாக்குதேன்."

கடற்கரை சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பிறகு, "என்னென்ன சாமான் வேணுமோ வாங்கிக்கோ" என்றான். என்னென்ன சாமான் வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் அலசுவதற்கு ஒரு ஏனம் வேண்டும். ஹரிஹரசுதன் அண்ணாச்சியின் பாத்திரக்கடைக்குப் போனாள்.

"அகலமா, ரொம்ப ஆழமில்லாம ஒண்ணு வேணும் அண்ணாச்சி."

"எதுக்கும்மா?"

சொல்ல வெட்கமாக இருந்தது. "அரிசி களையத்தான்" என்றாள்.

அண்ணாச்சி பளபளவென்று ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வைத்தார். பார்க்க நன்றாக இருந்தது, வாங்கிவிட்டாள். கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் சின்ன மெஷினோடு பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த ஆள், "பேரு வெட்டணுமாக்கா?" என்று கேட்டான். நாற்பது வயது இருக்கும். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பட்டறைத் தெருவின் கோடியிலிருந்து ஒரு வாளிச் சேறு அள்ளிக்கொண்டு வந்தாள். அலசத் தண்ணீர் வேண்டுமே. குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் வரும் தண்ணீரைச் சேற்றில் கொட்ட முடியாது. தெரு அடிபம்பில் உப்புத் தண்ணீர் அடித்துப் பாதியாக வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் நிரப்பினாள். அதற்குள்ளேயே தாம்பாளத்தை முக்கி முக்கி அலசினாள். சேறு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த தண்ணீரை மறுபடியும் பயன்படுத்தினாள். மத்தியானம் வரைக்கும் அலசியும் தாம்பாளத்தில் எதுவும் மிஞ்சவில்லை. இடுப்புதான் வலித்தது.

சேற்றில் தங்கமே இல்லையா, இல்லை இருந்த தங்கத்தைத் தாம்பாளம் தண்ணீரோடு விட்டுவிட்டதா? இது தெரியாமல் ஒரு மாசம் அலசினாலும் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. மண்ணில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்தால்தான் ஏனத்தின் லட்சணம் தெரியும். தானே எண்ணிப் போட்டு, தானே எடுத்துப் பார்க்கலாம்.

மறுபடியும் பாத்திரக்கடைக்குப் போய், பெயர் வெட்டும் ஆளிடம் கொஞ்சம் பித்தளைத் தூள் கிடைக்குமா என்று கேட்டாள்.

அவன் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "மண்ணு அரிக்கப் போறீகளோ?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்படித் தெரியும்?"

"நானும் பட்டறையில இருந்தவன்தான்." ஒரு பழைய பித்தளைச் செம்பின் விளிம்பை அரத்தால் உரசி, தூளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். "பித்தளை தங்கத்தவிட எடை கம்மிக்கா. இது உங்க ஏனத்துல தங்குச்சுன்னா பொன்னு கண்டிப்பாத் தங்கிரும்."

அவன் பெயர் சோலைராஜ். ஏன் பட்டறையை விட்டு வந்தான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இருபது தூளைப் பொறுக்கி எடுத்து, ஒரு சட்டி மண்ணில் கலந்து, தாம்பாளத்தில் அலசினாள். நாலுதான் மிஞ்சியது. அந்தப் பளபளப்பில் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அடுத்து, கொத்தனார் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இரும்புச் சாந்துச்சட்டியை இரவல் வாங்கினாள். பதினொன்று மிஞ்சியது. ஆனால் சட்டி கனத்தது, ஒரு தரம் அலசுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. சுதாராணியின் அலுமினியச் சாப்பாட்டுத் தட்டில் ஒன்பது. அது லேசாக இருந்ததே ஒழிய, கை கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் வெளியே போனது.

அன்று சாயங்காலம் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு ரேஷன் அரிசியைக் களைந்தாள். மண் அரிக்கன்சட்டியில் அரிசியைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சுற்றிச் சுற்றி ஆட்டி, மேலே வரும் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பாத்திரத்துக்குச் சாய்த்தாள். கடைசியில் சட்டிக்குள் வட்டவட்டமாக ஓடும் வரிப்பள்ளங்களில் கல்லும் மண்ணும் மட்டும் தங்கி நின்றன. பத்து வயதிலிருந்து அவள் தினமும் செய்கிற வேலை.

கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏட்டி சுதா, அந்தப் பித்தளைத் தூளை எடுத்துட்டு வா" என்று கத்தினாள்.

உலை கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. இருபதில் பதினெட்டுத் தூள் வரிப்பள்ளத்தில் நின்றது. மீதி இரண்டு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. திரும்பவும் செய்தாள். மறுபடியும் பதினெட்டு. சுதாராணி கைதட்டினாள்.

மண்சட்டி ஒரு கல்லில் பட்டால் போயிற்று. ஹரிஹரசுதன் அண்ணாச்சியிடம் அலுமினியத்தில் அரிக்கன்சட்டி இருந்தது. "இதத்தான முதல்லயே எடுத்துருக்கணும், அரிசி களையதானே கேட்டிக?" என்றார் அவர். வெயிலம்மாள் சிரித்துக்கொண்டாள். சோலைராஜ் அந்தச் சட்டியை வாங்கி, உள்பக்க வரிகளைத் தன் மெஷினால் இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டிக் கொடுத்தான்.

மற்ற சாமான்கள் அதிகச் சிரமம் இல்லாமல் சேர்ந்தன. ரேடியோ ரிப்பேர் கடையில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் கிடைத்தது. சேற்றில் கிடக்கும் இரும்புத் தூளை இழுத்துவிட அது வேண்டும். கல்லிடுக்கில் கூட்ட ஒரு பழைய பெயிண்ட் பிரஷ், சேறு அள்ள நுனி வளைத்த கரண்டி, கல்லும் குப்பையும் கழிக்க ஒரு கம்பிச் சல்லடை. பட்டறைச் சாமான் கடைக்காரர் மட்டும் ஊசி மருந்துக் குப்பி ஒன்றை நீட்டினார். உள்ளே பாதரசம்.

"இது இருந்தாத்தாம்மா பொடிப் பொன்னு ஒட்டும். அப்புறம் அடுப்புல காய்ச்சினா ரசம் புகையாப் போயிரும், பொன்னு நிக்கும்."

"அந்தப் புகை எங்க போகும்?"

"எங்கயோ போகுது."

தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்கும் அறையில் இருந்தவர்கள் இருமும் சத்தம் அவளுக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில்தான் சமையல், அதில்தான் சுதாராணி படிக்கிறாள். "வேண்டாம் அண்ணாச்சி. பொடி போனாப் போகுது, மிச்சம் இருக்கது போதும்" என்று குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அலசி மிஞ்சும் கறுப்பு வண்டலை அடுத்த தெரு உருக்குப் பட்டறையில் கொடுத்தால் உருக்கித் தருவார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டாள்.

மாசி மாசம் வேலையை ஆரம்பித்தாள். பட்டறைத் தெருவில் சாக்கடைக்கு மேல் கல் மூடியிருந்தது. ஒவ்வொரு பட்டறையாகப் போய், கல்லைத் தூக்கிவிட்டு மறுபடி வைத்துவிடுகிறேன் என்று சொன்னாள். தெருவின் நடுவில் இருந்தது ஆறுமுகசாமி ஆசாரியின் பட்டறை. அறுபது வயது, பேச்சுக் குறைவு. அவளுடைய சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சாக்கடை முனிசிபாலிட்டியோடது. எங்கிட்ட எதுக்குக் கேக்குத? கல்லை மட்டும் ஒழுங்கா வச்சிரு" என்றார்.

முதல் பத்து நாளும் சேர்த்துக் கடுகளவுதான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது. உருக்குப் பட்டறைக்காரர் அந்த மஞ்சள் மணியை அவள் உள்ளங்கையில் வைத்தார். அதைச் சுதாராணியிடம் காட்டிவிட்டுத்தான் விற்றாள்.

பிறகு ஆறுமுகசாமி பட்டறைக்கு நேரே கல்லைத் தூக்கி அலசினாள். முதல் சட்டியிலேயே வரிப்பள்ளம் ஓரமாக மஞ்சள் கோடு ஓடியது. பயந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். இரண்டாவது சட்டியிலும் அப்படியே. நாலு அடி மேலே தள்ளி அள்ளினால் ஒன்றுமில்லை. கீழே தள்ளி அள்ளினால் இருந்தது, தள்ளத் தள்ளக் குறைந்தது. ஆறுமுகசாமி பட்டறையிலிருந்து ஒரு குழாய் அங்கேதான் சாக்கடையில் விழுந்தது.

அந்த வாரம் மிளகளவு. அடுத்த வாரமும் அதே. தான் நல்ல வேலைக்காரி ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். சுதாராணிக்குப் பள்ளிக்கூடச் செருப்பு வாங்கினாள். கடற்கரைக்கு ஒரு நாள் கறிக்குழம்பு வைத்தாள்.

பங்குனியில் சட்டியின் வரிகள் தேய்ந்துவிட்டன. திரும்ப வெட்டித்தரக் கேட்டுச் சோலைராஜிடம் போனாள். அவன் வெட்டிக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டாள். "அண்ணே, இம்புட்டுக் கைவேலை இருக்கு. பட்டறைய விட்டுட்டு ஏன் இங்கன உக்காந்திருக்கீக?"

அவன் மெஷினை நிறுத்தவில்லை. "வருசா வருசம் தொட்டி மண்ண உருக்குவோம், அதுல பொன்னு கொறையுதுன்னாரு. அரம் போடுததும் மெருகு போடுததும் நாந்தான். நான் எடுக்கலைன்னேன். பதினாறு வருசம் அவருகிட்ட இருந்தேன்க்கா. வெளிய வந்து எட்டு மாசமாச்சு. அதுக்கு மேல அவரும் பேசல, நானும் பேசல."

"யாரு பட்டறை?"

"ஆறுமுகசாமி அண்ணாச்சி பட்டறை."

அவள் சட்டியை வாங்கிக்கொண்டு நடந்தாள். காய்கறி வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தது மறந்துபோயிற்று.

இரண்டு நாள் அவள் பட்டறைத் தெருப் பக்கம் போகவில்லை. சொன்னால் அந்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் யாரிடமும் திருடவில்லை, சாக்கடையில் வந்ததை எடுத்தாள். ஆனால் சட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அந்த வரிகளை வெட்டியது யார் என்பது நினைப்புக்கு வந்தது. திருட்டுப் பட்டத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்தவர் பெயரை வெட்டிக்கொண்டிருக்கும் மனுஷன்.

கடற்கரை வந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆசாரி உன்னையே சந்தேகப்பட்டுட்டாருன்னா?" என்று அவன் கேட்டான்.

"அதுதான் பயமா இருக்கு."

"நான் கூட வரட்டுமா?"

யோசித்தாள். "வேண்டாம். நீங்க வந்தாச் சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். நானே போறேன்."

மறுநாள் காலையில் அந்த வாரம் அலசிய கறுப்பு வண்டலை, உருக்கக் கொடுக்காமல், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக்கொண்டு ஆறுமுகசாமி முன்னால் போய் நின்றாள். அவர் பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சத்தைக் காகிதத்தில் கொட்டி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அரப்பொடி" என்றார். "எங்கன எடுத்த?"

"உங்க குழாய்க்குக் கீழ. மேல தள்ளி எடுத்தா இல்ல அண்ணாச்சி. கீழதான் இருக்கு."

"எம்புட்டு நாளா எடுக்க?"

"மூணு வாரமா."

அவர் முகம் கறுத்தது. "மூணு வாரமா எடுத்துத் தின்னுட்டு இப்ப வந்து சொல்லுதியா? இல்ல, உள்ள இருக்க எவனாவது உங்கிட்டக் குடுத்தனுப்புதானா?"

வெயிலம்மாள் நகரவில்லை. "எனக்கு எடுத்துத் திங்கணும்னா இன்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு சொட்டுநீலக் குப்பி வாங்கிட்டு வாரேன். நீங்க கை கழுவுத தண்ணில ஊத்திட்டு வெளிய வந்து பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

பட்டறையின் பின்பக்கம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. கை கழுவும் தண்ணீரும், நகை மெருகு போட்டுக் கழுவும் தண்ணீரும் அதில்தான் விழும். பொடி அடியில் படியும், மேலே நிற்கும் தண்ணீர் மட்டும் ஒரு உயரத்துக்குப் பிறகு குழாய் வழியாகப் போகும். வருஷத்துக்கு ஒரு தரம் அந்த அடிமண்ணை எடுத்து உருக்குவார்கள். இப்போது தொட்டியில் பாதிக்குத்தான் தண்ணீர் நின்றது, குழாய் வாய்க்கு ஒரு சாண் கீழே. தொட்டி நன்றாக இருந்தால் குழாயில் எதுவும் வரக்கூடாது. வேலையாள் ஒருவர் ஒரு குப்பி நீலத்தை அதில் கொட்டிக் கலக்கிவிட்டார்.

ஆறுமுகசாமியும் வெயிலம்மாளும் தெருவில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து நின்றார்கள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. ஆசாரி செருமினார். பிறகு குழாயின் நுனியில் மெல்லிசாக நீலம் கசிந்தது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. அப்புறம் ஒரு நூல் போல ஓடிச் சாக்கடைத் தண்ணீரில் கலந்தது.

தொட்டியின் அடியில், குழாய் இறங்கும் சுவரோரம், சிமெண்டும் உள்ளே புதைந்த குழாயும் விரிந்திருந்தன. படிந்த பொடி அந்த விரிசல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது.

ஆறுமுகசாமி நிமிர்ந்தார். வேட்டியின் முழங்கால் பக்கம் சேறு பட்டிருந்தது, அதைத் தட்டிவிடவில்லை. "எட்டு மாசம்" என்றார். அவளிடம் சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நீயும் வாம்மா."

பாத்திரக்கடை வாசலில் சோலைராஜ் ஒரு குடத்தில் யாருடைய பெயரையோ வெட்டிக்கொண்டிருந்தான். குடத்துக்குச் சொந்தக்கார அம்மா பக்கத்தில் நின்றாள். ஆறுமுகசாமியைக் கண்டதும் அவன் எழுந்திருக்கப் போனான். "முடிச்சிரு, முடிச்சிரு" என்று அவர் கையைக் காட்டினார். அவன் உட்கார்ந்து மீதி எழுத்துக்களையும் வெட்டி முடித்தான். அந்த அம்மா குடத்தை வாங்கிக்கொண்டு போகும்வரை பெரியவர் வெயிலிலேயே நின்றார்.

"தொட்டி விரிஞ்சு கெடந்திருக்கு" என்றார். "எல்லாம் சாக்கடைக்குப் போயிருக்கு. இந்த அம்மாதான் கண்டுபிடிச்சா."

சோலைராஜ் வெயிலம்மாளைப் பார்த்தான். அரத்தைத் துணியில் துடைத்தான், திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஏலே, நான் தப்பா நெனச்சிட்டேன். நாளைக்கு வேலைக்கு வா."

"வாரேன்" என்றான் அவன். "ஆனா அண்ணாச்சி, என்கிட்டச் சொன்னாப் போதாது. எம் பொண்டாட்டி எட்டு மாசமா அவ அம்மா வீட்டுக்குக்கூடப் போகல. அவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

ஆறுமுகசாமி கடையோரம் நின்ற அவன் சைக்கிளைப் பார்த்தார். "இப்பமே போவம்" என்றார். சோலைராஜ் மெஷினை ஹரிஹரசுதன் அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள், சோலைராஜ் மிதிக்க, பெரியவர் பின்னால் கேரியரில். வெயிலம்மாள் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

மூன்று வாரம் எடுத்ததைப் பற்றி ஆசாரி அப்புறம் பேச்செடுக்கவில்லை. அவளாகவே ஒரு நாள் கேட்டபோது, "தெருவுக்கு வந்தது தெருவோடது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிக்கொண்டார். தொட்டியைப் பூசிவிட்டார்கள். அந்தக் குழாய்க்குக் கீழே கிடைப்பதும் மற்ற இடங்களைப் போல ஆகிவிட்டது. மாசத்துக்கு ஒரு மிளகளவு வந்தாலே பெரிது. சில நாள் இரவில் படுத்துக்கொண்டு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நினைப்பு வரும். வந்துவிட்டுப் போகும்.

சித்திரையில் பாண்டிச்செல்வி வந்தாள். கட்டட வேலைக்குப் போய்க் கை கொப்பளித்திருந்தது. "ஏக்கா, ஒன்கூட நானும் வரட்டுமா? எனக்கு ஒரு எழவும் தெரியாது" என்றாள். தனக்கும் தெரியாமல்தான் ஆரம்பித்தது என்றாள் வெயிலம்மாள். இருவரும் சேர்ந்தபிறகு கயத்தாற்றுக்கும் போக ஆரம்பித்தார்கள். அங்கே கடைத்தெருவில் இரண்டே பட்டறைகள்தான், ஆனால் அந்தச் சாக்கடையில் அதுவரை யாரும் கை வைத்ததில்லை. போகும்போது சில நாள் கடற்கரை லாரியில் ஏற்றிக்கொள்வான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் தெருவெல்லாம் கரிசல் சகதி. சாக்கடை பொங்கி, சேர்ந்து கிடந்த வண்டலையெல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. மழை விட்ட அன்று இருவரும் பட்டறைத் தெருவுக்குப் போய்க் கல்லைத் தூக்கினார்கள். அடித்தளம் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. பாண்டிச்செல்விக்கு முகம் வாடிவிட்டது.

"எல்லாம் போயிருச்சேக்கா."

"எங்கிட்டுப் போயிருக்கும்? தண்ணி எந்தப் பக்கம் ஓடுச்சோ அந்தப் பக்கந்தான்" என்றாள் வெயிலம்மாள். தெரு இறங்கிப் பெரிய ஓடையில் சேரும் வளைவுக்கு நடந்தார்கள். அங்கே தண்ணீர் வேகம் குறைந்து, முழங்கால் அளவுக்குப் புது வண்டல் ஒதுங்கிக் கிடந்தது. பாண்டிச்செல்வி சேலையைச் சொருகிக்கொண்டு முதலில் இறங்கினாள்.